சூடாத முல்லை

போருக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தபோது நம் முன்னோர் பூக்களைத் தேடிப் போனார்கள். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவன் வெட்சி சூடினான். அதை மீட்கப் போகிறவன் கரந்தை சூடினான். மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி; கோட்டையை வளைத்தால் உழிஞை; உள்ளே இருந்து காத்தால் நொச்சி; இரு படையும் வெட்டவெளியில் நின்று பொருதால் தும்பை; வென்றவனுக்கு வாகை. பள்ளியில் இதை ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம் எல்லோரும். தாவரவியல் முதுகலை வகுப்பில் சேர்ந்த பிறகே நான் இவற்றைச் செடிகளாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்தபோது ஒரு வியப்பு. எட்டாத மலையில் பூக்கும் அரிய மலர்களா இவை? இல்லை. தும்பை நம் விளையாட்டுத் திடலின் வேலியோரத்தில் யாரும் விதைக்காமல் முளைத்துக் கிடக்கிறது. நொச்சியின் இலையைச் சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கிறோம். போருக்குப் போகிறவன் வழியில் கைக்கு எட்டியதைப் பறித்துச் செருகிக்கொண்டு போயிருக்கிறான்.

சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று அரசர்க்கு உரிய பூக்கள் வேறு இருந்தன. ஆகவே ஒரு வீரனின் தலையைப் பார்த்தே அவன் யாருடைய ஆள், எந்தக் காரியமாகப் போகிறான் என்று சொல்லிவிடலாம். இன்று சிப்பாயின் சட்டையில் தைத்திருக்கும் சின்னம் செய்யும் வேலையை அன்று பூ செய்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பூ உயிரோடு இருப்பவன் சூடிய பூ. அவன் விழுந்தால் பூவும் கூடவே விழும்.

அப்படி விழுந்த பூவைப் பாடிய ஒரு பெண்பாற் புலவர் இருக்கிறார், வெறிபாடிய காமக்கண்ணியார். புறநானூற்றில் 271ஆம் பாட்டு அவருடையது. நொச்சித் தழையை இளம்பெண்கள் இடையில் அணிந்திருந்த அழகை முன்பு கண்டோம் என்று தொடங்குகிறார். இப்போது அதே நொச்சி வெட்டுண்ட வீரனின் உடம்பில் குருதியில் நனைந்து உருமாறிக் கிடக்கிறது. ஊன்துண்டு என்று எண்ணி ஒரு பருந்து அதைக் கவ்விக்கொண்டு மேலே போகிறது. இவ்வளவுதான் பாட்டு. போரைப் பூவால் மூடி மறைக்க நினைத்தவர் எழுதிய பாட்டாக எனக்கு இது தோன்றவில்லை.

இறந்தவனுக்கு எடுத்த கல் அடுத்தபடி. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் எண்ணிச் சொல்கிறது. அந்தக் கல்லுக்கு என்ன பூ வைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மரலிலிருந்து கிழித்த நாரில் சிவந்த பூக்களைத் தொடுத்து, மயிற்பீலியோடு சூட்டி, பெயரையும் பொறித்தார்கள் என்று ஒரு புறப்பாட்டு காட்டுகிறது. (மரல் என்பது கள்ளிக்காட்டில் வாள்போல நீண்ட இலைகளோடு நிற்குமே, அதுதான், இன்றும் அதன் நார் அறுபடாது.) இன்னொரு பாட்டில் ஆடுமாடு மேய்க்கும் கோவலர் வேங்கை மரத்தின் மணமுள்ள பொன்னிறப் பூக்களைப் பனங்குருத்தில் வைத்துத் தொடுத்து, ஊருக்கு வெளியே வறண்ட மேட்டில் நிற்கும் கல்லுக்குச் சூட்டுகிறார்கள். அரசன் அனுப்பிய மாலை அன்று அது. மாடு மேய்க்கப் போகிறவன் போகிற வழியில் கட்டிப் போட்ட மாலை.

நான் பிறந்த ஊர் செங்கத்துக்குப் பக்கம். எங்கள் பக்கத்தில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. வேடியப்பன் என்று பெயர் சொல்லி வழிபடுகிறோம். வில்லும் வாளுமாக நிற்கும் அந்த மனிதன் யார், எப்போது இறந்தான் என்பது பொங்கல் வைக்கிறவர்களுக்குத் தெரியாது. அவனுக்குச் செவ்வரளி மாலை உண்டு. எழுத்துள்ள கற்கள் பலவற்றைத் தொல்லியல் துறையினர் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் எடுத்தனூர்க் கல் எனக்கு மிகவும் விருப்பமானது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனருகில் ஒரு நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதையும் கல் மறவாமல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயரை நாம் அறிவோம். அந்த வீரனுக்கு மனைவி இருந்தாளா, இருந்தால் அவள் பெயர் என்ன என்று கல்லில் இல்லை.

பெங்களூருக்கு வந்த புதிதில், இது தோட்டமும் கணினியும் மட்டுமே உள்ள ஊர் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரின் பெயர் முதன்முதலாக எங்கே காணப்படுகிறது தெரியுமா? பேகூர்க் கோயிலில் உள்ள ஒரு பழங்கன்னடக் கல்வெட்டில், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது. பெங்களூர்ப் போரில் ஒருவர் மாண்ட செய்தியை அது சொல்கிறது. நாம் நடுகல் என்பதைக் கன்னடத்தார் வீரகல்லு என்கிறார்கள். ஒரு சாவுச் செய்தியில் பிறந்த பெயர் இது. பிற்காலத்தில் இதே பெயர் இன்னொரு விதமாகவும் போர்க்களம் போயிற்று. முள்வேலியைத் தகர்ப்பதற்காக 1912இல் மெக்ளின்டாக் என்ற அதிகாரி இங்கே உருவாக்கிய வெடிகுழாய்க்குப் ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே பெயர். இரண்டு உலகப் போர்களிலும் அது பயன்பட்டது.

அவர் இருந்த படைப்பிரிவு மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் சென்னைக் கோட்டையில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இன்று அதன் தலைமையிடம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. படை முன்னேறுவதற்கு முன்னால் இவர்கள் போக வேண்டும்; பின்வாங்கும்போது பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியில் வர வேண்டும். தென்னாட்டுப் பிள்ளைகள் நிறைந்த இந்தப் படைக்குப் பட்டாளத்தில் செல்லப் பெயர் ‘தம்பி’. இந்தத் தம்பிகளில் ஒருவரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதற்கு முன், மற்ற நாட்டார் தம் போர்வீரருக்கு எந்தப் பூவை வைக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மேல்நாடுகளில் நவம்பர் மாதம் சட்டையில் செருகிக்கொள்ளும் சிவப்புக் காகிதப் பூவைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பாப்பி என்பார்கள். நம் குருமாவில் அரைத்து விடுகிற கசகசாவுக்கு நெருங்கிய உறவு. வயலில் களையாக முளைப்பது. இதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால்தான் பெரும்பாலும் முளைக்கும். ஏர் உழாமலே மண்ணைப் புரட்டும் வேலையை 1914க்குப் பிறகு பீரங்கிக் குண்டுகளும் பதுங்குகுழிகளும் செய்தன. பிளாண்டர்ஸ் வயல்களில் புதைகுழிகளுக்கு நடுவே பாப்பி சிவந்து பூத்ததற்குக் காரணம் இதுதான். அதைக் கண்ட ஜான் மெக்ரே என்ற கனடா நாட்டுப் படை மருத்துவர், நண்பரைப் புதைத்த துயரில் 1915 மே மாதம் ஒரு கவிதை எழுதினார். அந்தக் கவிதையைப் படித்த மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை 1918இல் அந்தப் பூவை அணியத் தொடங்கினார். பிரெஞ்சுப் பெண் அன்னா குவெரின் அதைத் துணியில் செய்து விற்று, போரால் நலிந்தவர்களுக்குப் பணம் திரட்டினார். 1921இல் பிரிட்டன் அதை ஏற்றது. படைத்தலைவர் எவரும் இட்ட கட்டளையால் வந்த சின்னம் அன்று அது. ஒரு மருத்துவரும் இரண்டு பெண்களும் ஒரு களைச்செடியும் சேர்ந்து செய்தது.

அந்தப் போரில் நம்மவர் 74,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெக்ரே கவிதை எழுதியதற்கு இரண்டு மாதம் முன்பு, 1915 மார்ச் 10 முதல் நடந்த நவ் சாப்பெல் போரில் இந்தியப் படைகள் முன்னணியில் நின்றன. 1927இல் அங்கே திறந்த நினைவிடத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. நூறாண்டு கழித்து, 2018இல் பிரிட்டிஷ்காரர்கள் நம் வீரர்களை நினைத்துக் கதர்த்துணியில் பாப்பி செய்து அணிந்தார்கள். நம்மை ஆண்டவர்களின் பேரப்பிள்ளைகள் கதர்ப்பூ அணிவது வரலாற்றின் குறும்புதான்.

பாப்பியில் வெள்ளையும் உண்டு. 1933இல் பிரிட்டனின் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார் வெள்ளைப் பாப்பியைச் செய்து விற்றார்கள். அவர்களில் பலர் முதற்போரில் கணவனையோ மகனையோ அண்ணன் தம்பியையோ இழந்தவர்கள். இனி ஒரு போர் வேண்டாம் என்பது அந்த வெள்ளைப் பூவின் பொருள். சிவப்புப் பூவை அவமதிப்பதாகச் சிலர் சினந்தார்கள், இன்றும் சினக்கிறார்கள். யார் சொல்வது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இழந்தவள் தன் பூவைத் தானே தேர்ந்துகொண்டாள் என்பதுதான் என் மனத்தில் நின்றது.

நம் நாட்டுக்கு ஒரு பூ வேண்டும் என்று நினைத்த தில்லி யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் அண்மைக் காலத்தில் செண்டுமல்லியை முன்வைத்திருக்கிறது. காவி நிறம் தியாகத்தின் நிறம். எங்கும் மலிவாகக் கிடைக்கும் பூ. இவை அவர்கள் சொல்லும் காரணங்கள். கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். செண்டுமல்லி குன்று குன்றாகக் குவிந்திருக்கும். அது மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்த செடி என்றால் பூக்காரர்கள் நம்பமாட்டார்கள். அந்த நாட்டிலும் அது இறந்தோர் நாளுக்கு உரிய பூ என்பது இன்னும் வியப்பு. எனக்கு அந்தத் தேர்வு பிடித்திருக்கிறது. செண்டுமல்லியை லாரிக்கும் போடுகிறோம், சாமிக்கும் போடுகிறோம், பிணத்துக்கும் போடுகிறோம். மங்கலம், அமங்கலம் என்ற கணக்கு அதற்குக் கிடையாது.

ஈழத் தமிழர்க்குக் கார்த்திகைப் பூ. நம் செங்காந்தள்தான், தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பச்சையாய் மஞ்சளாய் விரிந்து, நாளாக ஆகச் சிவந்து, இதழ்கள் தீச்சுடர் போல மேல்நோக்கி வளையும். கார்த்திகை மழையில் பூக்கும் அதை, போரில் மாண்ட தம் பிள்ளைகளை நினைக்கும் நவம்பர் 27ஆம் நாளுக்கு உரிய பூவாக அவர்கள் கொண்டார்கள். அதைச் சூழ்ந்துள்ள அரசியலை இங்கே பேசப் போவதில்லை. ஆய்வகத்தில் வேர்நுனியைக் கோல்ச்சிசினில் ஊறவைத்து நிறப்புரிகளை எண்ணும்போதெல்லாம், இந்த நஞ்சைத் தரும் செடிகளில் அதுவும் ஒன்று என்ற நினைவு வரும். உயிரணு இரண்டாகப் பிரிவதைப் பாதியில் நிறுத்திவிடும் நஞ்சு.

இதுவரை சொன்னவை எல்லாம் சூடிய பூக்கள், சார்த்திய பூக்கள். நம் இலக்கியத்தில் நான் போற்றும் நினைவுப் பூ சூடாத பூ. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் என்ற வீரன் இறந்துபோனான். குடவாயிற் கீரத்தனார் அந்த ஊருக்கு வருகிறார். முல்லை பூத்திருக்கிறது. புறநானூற்றில் 242ஆம் பாட்டில் அவர் அந்தச் செடியோடு பேசுகிறார். இளைஞர்கள் இதைச் சூடப்போவதில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யப்போவதில்லை, யாழ்க் கோட்டால் வளைத்துப் பறிக்கும் பாணனுக்கும் வேண்டாம், பாடினிக்கும் வேண்டாம். சாத்தன் போன பிறகு நீ எதற்காகப் பூத்தாய் என்று கேட்கிறார். முல்லைக்கு எப்படித் தெரியும்? வெயிலும் ஈரமும் அமைந்தால் அது மொட்டு விடும், மாலையில் விரியும், பறிப்பார் இல்லையென்றால் மறுநாள் உதிரும். அது புலவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

இந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் கையறுநிலைக்கு எடுத்துக்காட்டு என்றே படித்துவந்தேன். சென்ற ஆண்டு வேறொரு செய்தி கண்ணில் பட்டது. பூவை விட்டவர்கள் யார் யார் என்று புலவர் எண்ணிச் சொல்லுகிறார் அல்லவா? அந்த எண்ணிக்கையில் ஆண்கள் இருக்கிறார்கள். பெண்கள் இருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் பாணனும் பாடினியும் இருக்கிறார்கள். ஒருவன் இறந்ததற்கு ஊரே பூவை விட்டது. சாத்தனின் மனைவி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி; அவளைத் தனியே நிறுத்திப் புலவர் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் எப்படி நடந்தது என்று சொல்லுகிறேன்.

என் ஆயாவுக்கு ஒரு தங்கை. நாங்கள் சின்னாயா என்போம். அவர் கணவர் சாப்பர்ஸ் படையில் இருந்தார். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும்போது இறந்தார். சின்னாயாவுக்கு அப்போது இருபது வயது. தந்தி வந்தது, உடல் வரவில்லை. போர்முனைக்கு அருகிலேயே தகனம் செய்துவிடுவது அந்நாளைய வழக்கம். தேசியக் கொடி போர்த்திய பெட்டி சொந்த ஊருக்கு வந்து, தெருவெல்லாம் திரண்டு மலர்வளையம் வைப்பதை நாடு பரவலாகக் கண்டது 1999 கார்கில் போரின்போதுதான். அந்தப் போரிலும் திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் பனிமலையில் கிடந்து, ஜூலையில்தான் மீட்கப்பட்டது. எங்கள் தாத்தாவுக்கு மலர்வளையம் இல்லை. அதை வைக்க ஓர் உடலும் இல்லை.

ஆனால் பூ இருந்தது. கருமாதியன்று சின்னாயாவுக்கு மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்களாம். பிறகு விடியுமுன் குளக்கரையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நம்மில் பலர் வீட்டில் நடந்திருக்கும். புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேன். நாட்டுக்காக இறந்த ஒரு சாப்பருக்காக எங்கள் ஊர் பூவைக் கையில் எடுத்தது அந்த ஒருமுறைதான். ஒல்லையூரில் ஊரே பங்கிட்டுக்கொண்ட துக்கத்தை, எங்கள் ஊர் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் இறக்கி வைத்துவிட்டு, மறுவாரம் பொங்கலுக்குக் கதம்பம் வாங்கப் போய்விட்டது.

சின்னாயா வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்ட முல்லை உண்டு. சாயங்காலம் மொட்டுப் பறித்து, வாழைநாரைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு கட்டுவார். நான்கு விரற்கடைக்கு எத்தனை மொட்டு என்று அளவு தப்பாது. தெருப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பூவைச் சூடித்தான் பள்ளிக்கூடம் போனோம். யாருக்கும் அவர் கையால் தலையில் வைத்துவிட மாட்டார். கையில் கொடுத்து, ‘உங்கம்மாவ வச்சிவிடச் சொல்லு கண்ணு’ என்பார். ஏன் என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை. பின்னால் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

போன புரட்டாசியில் கண் அறுவைக்காக அவர் பெங்களூர் வந்திருந்தார். கட்டுப் பிரித்த சில நாளில், நேரு கோளரங்கத்துக்கு அருகிலுள்ள தேசிய ராணுவ நினைவிடத்துக்கு அழைத்துப் போனேன். ஒற்றைக் கல்லில் செய்த மாபெரும் வீரகல்லு ஒன்று அங்கே நிற்கிறது. விடுதலைக்குப் பின் மாண்ட வீரர்களின் பெயர்கள் கற்பலகைகளில் வரிசை வரிசையாகப் பொறித்திருக்கின்றன. ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டு தேடினேன். தாத்தாவின் பெயரைக் கண்டு விரலால் காட்டினேன். சின்னாயாவுக்கு எழுத்துத் தெரியாது. புதுக் கண்ணால் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ‘எவ்ளோ பேரு’ என்றார். பக்கத்துப் பெயர்களைப் படிக்கச் சொன்னார். ஒரு பத்துப் பதினைந்து பெயர் படித்தேன்.

வாயிலில் ஒரு முழம் முல்லை வாங்கியிருந்தேன். அதைக் கல்லடியில் வைக்கலாமா என்று கேட்டேன். சின்னாயா சிரித்தார். ‘அவருக்குப் பூவெல்லாம் என்னா தெரியும் கண்ணு. லீவுல வந்தா வேர்க்கடலைக் கொல்லையிலதான் கெடப்பாரு’ என்றார். பிறகு சரத்தைப் பாதியாக அறுத்து ஒரு பாதியைக் கீழே வைத்தார். மறுபாதியை என்னிடம் நீட்டினார்.

‘நீ வச்சிக்க ஆயா’ என்றேன்.

அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. ‘இந்த வயசுல எனக்கு எதுக்கு. இருவது வயசுல யாராவது சொல்லியிருந்தா வச்சிருப்பேன்’ என்று, கடையில் விலை சொல்வது போலச் சொன்னார்.

அதற்கு மேல் அவரை வற்புறுத்துவது எனக்கு முறையாகப் படவில்லை. ஐம்பது ஆண்டு வழக்கத்தை ஒரு பிற்பகலில் மாற்றிக் காட்ட வேண்டும் என்று பேத்திமார்க்கு ஆசை இருக்கலாம். பாட்டிமார் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல் என்னை விடவில்லை. ‘யாராவது சொல்லியிருந்தா.’ யார் சொல்லியிருக்க வேண்டும்? 2022 மே மாதம் மகாராட்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற ஊரின் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டது. கணவன் இறந்தால் மனைவியின் வளையலை உடைப்பதும் பொட்டை அழிப்பதும் தாலியை அறுப்பதும் இனி இந்த ஊரில் இல்லை என்று ஊரே கூடிச் சொன்னது. மாநில அரசும் அதைப் பார்த்து மற்ற ஊர்களுக்கு எழுதியது. அங்கே ‘யாராவது’ என்பது ஊராக இருந்தது. நம் பக்கத்திலும் பூவையும் பொட்டையும் விடாத பெண்கள் இருக்கிறார்கள். பெருநகரத்தில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தனியாக நின்று தனியாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தனியாகச் செய்வதற்கு நெஞ்சுரம் மிக வேண்டும். ஊராகச் செய்தால் அவ்வளவு வேண்டியதில்லை.

நாம் இங்கே ஓர் ஊர்தானே? தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தோ வந்து, விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு, மாதம் ஒருமுறை மன்றத்தில் கூடுகிற ஊர். நம் விழாக்களில் வாயிலில் ஒரு தட்டு வைப்போம். சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர், ஒரு தாம்பாளம் நிறையப் பூ. பூ பெண்களுக்கு மட்டும். சென்ற முத்தமிழ் விழாவில் நான் அந்தத் தட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பிள்ளைகளின் பேச்சைக் கேட்க ஊரிலிருந்து வந்த தாய்மார்களில் இருவர், தட்டுக்கு இரண்டு அடி முன்னாலேயே கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கற்கண்டைக்கூட எடுக்காமல், சுவரோரமாக உள்ளே போனார்கள். நாங்கள் யாரும் அவர்களை விலக்கவில்லை. அவர்களே விலகிக்கொள்ளும்படி அந்தத் தட்டு அமைந்திருந்தது.

ஒவ்வொரு பெண்ணிடமும் ‘நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்வது இன்னொரு கொடுமை. எல்லோர் முன்னும் அவரை அடையாளம் காட்டுவதாகிவிடும். யோசித்தபோது ஒல்லையூர்ப் பாட்டே வழி சொன்னது. அந்த ஊரில் இளைஞர்களும் பூச் சூடினார்கள், பாணனும் சூடினான். பூ பெண்களின் உடைமையாக, அதிலும் கணவன் உள்ள பெண்களின் உடைமையாகச் சுருங்காத காலம் அது. ஆகவே வருகிற பொங்கல் விழாவுக்கு ஒரு மாற்றம் செய்யலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். தட்டில் உள்ள பூ வாயிலைக் கடக்கும் எல்லோருக்கும். ஆணோ பெண்ணோ, மாணவரோ பேராசிரியரோ, கையில் ஒரு துண்டு. தலையில் வைப்பதும் சட்டைப்பையில் செருகுவதும் கையிலேயே வைத்திருப்பதும் அவரவர் விருப்பம். முதலாண்டு மாணவர் ஒருவர் காதில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெட்சி சூடினவன் எங்கே வைத்தான் என்று எனக்கும் சரியாகத் தெரியாது, வைத்துக்கொள்ளட்டும்.

செயற்குழுவில் எதிர்ப்பு பெரிதாக இல்லை. பொருளாளர் மட்டும் கணக்குக் கேட்கிறார். நூற்றைம்பது பேருக்கு ஆளுக்கு நான்கு விரற்கடை என்றால் எத்தனை முழம் ஆகும், மார்கழி கடைசியில் ஓசூர்ப் பூ என்ன விலை விற்கும், முல்லை கட்டாதென்றால் செண்டுமல்லி உதிரியாக வாங்கிக்கொள்ளலாமா என்கிறார். சின்னாயாவைத் தொலைபேசியில் கேட்டேன். ‘முழக் கணக்குல வாங்காத, ஏமாத்திருவாங்க. மொட்டா எடை போட்டு வாங்கு. நாரையும் வாங்கிட்டு வா, நான் வந்து கட்டித் தர்றேன்’ என்றார். போகிக்கு முதல் நாள் வண்டி ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். கட்டத் தெரிந்தவர்களும் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களும் அன்று மாலை மன்ற அறைக்கு வரலாம், ஆண்களும்தான்.